இராப்பலகைக்குக் கட்டிய பல்

நான் வேலை பார்த்த பல் லேபுக்குப் புது மெஷின் வந்துவிட்டது என்று போன மாதம் அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் படம் அனுப்பினார்கள். வாய்க்குள் ஒரு சின்னக் கமெராவை விட்டுச் சுழற்றினால் கணினித் திரையில் தாடை தெரிகிறதாம். பல்லை அந்தத் திரையிலேயே அடுக்கிவிட்டுப் பொத்தானை அமத்தினால் பெட்டிக்குள் பல் முளைத்து வருகிறதாம். படத்துக்குக் கீழே, "நானா, உங்கட காலத்துல இது ஒண்டும் இல்லயே, கவலயா ஈக்குதா?" என்று ஒரு கேள்வி. லேபில் எல்லாருக்கும் நான் ‘நானா’, அதாவது அண்ணன்.

கவலை ஒன்றும் இல்லை. பிளாஸ்டர் தூசியை மூக்காலும் கொதிநீரை விரலாலும் அனுபவித்தவன் நான். இந்த மெஷின் அன்றைக்கு இருந்திருந்தால் முதல் ஆளாக அதன் முன்னால் கதிரையைப் போட்டிருப்பேன். ஆனால் படத்தைப் பெரிதாக்கித் திரையில் தெரிந்த பற்களைப் பார்த்தேன். எல்லாம் நேராக, ஒன்றோடொன்று ஒட்டி, விளம்பரப் பலகையில் சிரிக்கிறவர்களின் பல்லைப் போல இருந்தன. மெஷின் தானாக அடுக்கினால் அப்படித்தான் அடுக்குமாம். நானும் அந்த மெஷினைப் போலத்தான் இருந்தேன், வத்சலா மிஸ் வரும்வரை. பிள்ளைகளுக்கு அதைச் சொன்னபோது எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏ.எல். சோதனையில் எடுத்த புள்ளிக்கு வேறு எதுவும் கிடைக்காததால் பல் தொழில்நுட்பம் படிக்கப் போனேன். அசல் பல்லைத் தொடுவது டொக்டரின் வேலை, பொய்ப்பல்லைச் செய்வது எங்கள் வேலை. வாப்பாவுக்கு அந்த வித்தியாசம் பிடிக்கவில்லை. கண்டிச் சந்தையில் தெரிந்தவர்களிடமெல்லாம் "மகன் பல்லு டொக்டர்" என்றே சொல்லிக்கொண்டார். நான் திருத்தப் போகவில்லை.

வேலைக் காலத்தில் பெரும்பகுதி டொக்டர் நிலந்தியின் கீழ்தான். கட்டுப்பல் பிரிவுக்கு அவர் பொறுப்பு. என்னைவிட இளையவர், ஆனால் அவர் லேப் வாசலில் வந்து நின்றால் ரேடியோ தானாகக் குறைந்துவிடும். கத்துகிற ஆள் இல்லை. மெழுகில் அடுக்கிய பல்லைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தால் முதலில் பின்பக்கத்தைப் பார்ப்பார், நாக்குப் படுகிற பக்கத்தை. பிறகு சின்னக் கண்ணாடியை அடியில் பிடித்துத் தலைகீழாகப் பார்ப்பார். பிடித்தால் "ஹரி" என்று ஒரே ஒரு சிங்களச் சொல், சரி என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் அந்த ஒரு சொல்லும் கிடையாது. வேலையை ஒரே விரலால் என் பக்கமாகத் தள்ளிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். அந்த ஒரு விரலுக்குப் பயந்தே நான் நல்ல வேலைக்காரன் ஆனேன்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காக இதையும் சொல்லிவிட வேண்டும். டொக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் நோயாளியின் தாடை என் கைக்கு வரும். மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கீல் வைத்த ஒரு கருவியில் பூட்டி, மென்றால் எங்கே முட்டுகிறது என்று பார்ப்பேன். பிறகு ரோஸ் நிற மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவேன். அதை நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்து டொக்டர் சரி சொன்ன பிறகுதான் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அக்ரிலிக்கை அடைத்து வேகவைப்போம். கடைசி வேலை மினுக்குவது. வாய்க்குள் போகிற எதற்கும் கூர் விளிம்பு இருக்கக் கூடாது என்பது எங்களுக்குக் கலிமா மாதிரி. நாக்கு சும்மா இருக்காது, ஒரு மணல் அளவு கூர் இருந்தாலும் போய்ப் போய்த் தடவிப் புண்ணாக்கிக்கொள்ளும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு வத்சலா மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனையில் வரலாறு படிப்பிக்கிறவர். தென்னக்கும்புரப் பக்கத்து வளைவில் அவர் வந்த த்ரீவீலர் குடைசாய்ந்து, முன்னால் இருந்த இரும்புக் கம்பியில் வாய் அடிபட்டிருந்தது. மேல் முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. எலும்பில் திருகிப் பதிக்கும் பல்லுக்குக் காயம் ஆறிப் பல மாதம் காத்திருக்க வேண்டும். தனக்கு அவ்வளவு காலம் இல்லை என்று அவர் சொன்னதால் கழற்றி மாட்டும் கட்டுப்பல் செய்வதாக முடிவானது. ஏன் காலம் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. ஏதாவது கல்யாணமாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு ஏற்ற பல்லாகவே செய்தேன். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஏற்ற நிறம், முகத்துக்கு ஏற்ற அகலம். மெழுகில் நிறுத்தி டொக்டரிடம் வைத்தேன். "ஹரி." மிஸ்ஸின் வாயில் போட்டுப் பார்த்தோம். கூட வந்திருந்த அவருடைய தங்கை, "அக்கா, முந்தியைவிட வடிவாயிருக்கு!" என்று கையைத் தட்டினார். மிஸ் கண்ணாடியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு நூலை எடுத்தார். மெழுகு பூசிய பருத்தி நூல், வழிநெடுகச் சின்ன முடிச்சுகள். அதில் ஒரு முடிச்சை முன்பல்லுக்கு நடுவில் செருகப் பார்த்தார். போகவில்லை. நுனிப்பல்லில் கடித்துக்கொண்டு நூலை முன்னால் இழுத்தார். நூலோடு பல் இரண்டும் மெழுகிலிருந்து கழன்று அவர் மடியில் விழுந்தன.

தங்கை சிரித்தார். நானும் சிரிக்க வாயெடுத்தேன். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"வடிவு எனக்கு வேண்டாம், நானா," என்றார். "என்ர பல்லுக்கு நடுவில ஒரு நீக்கல் இருந்தது. அதுதான் வேணும்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கிழக்குக் கரையில் ஒரு குழு மரத்தால் பாய்க்கப்பல் ஒன்று கட்டியிருந்தது. எஞ்சின் இல்லாமல், பழைய காலத்து மாதிரி வங்கக் கடலைக் கடந்து அக்கரைக்குப் போய்த் திரும்பும் திட்டம். அதில் திசையும் இடமும் பார்த்துச் சொல்லும் வேலை மிஸ்ஸுடையது. அதற்கு அவர் வைத்திருந்த கருவிதான் இராப்பலகை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு மரப்பலகை, நடுவில் துளை, துளையில் கோத்த நூல். நூலில் உள்ள ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். முடிச்சைப் பல்லில் பிடித்து, நூல் விறைக்கும்வரை பலகையை முன்னே நீட்டி, கீழ் விளிம்பைக் கடலும் வானமும் சேரும் கோட்டில் வைக்க வேண்டும். மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம் உட்கார்ந்தால் அந்தத் துறைமுகத்துக்கு நேரே நிற்கிறோம். விளிம்புக்கு மேலே தெரிந்தால் வடக்கே வந்துவிட்டோம், பலகைக்குப் பின்னால் மறைந்தால் தெற்கே போய்விட்டோம்.

இலங்கையிலும் இந்தியாவிலும் கரைகரையாக அலைந்து, ஒவ்வொரு துறைமுகத்திலும் நின்று, அந்த முடிச்சுகளை அவர் கட்டியிருந்தார். முடிச்சு முன்பற்களின் நீக்கலுக்குப் பின்னால் பித்தானைப் போல மாட்டிக்கொள்ளும். கடிக்கத் தேவையில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்கும். அந்த இடம் ஒரு நகக்கண் அளவு மாறினால் கடலில் சில மைல் பிசகும். விபத்தில் பலகை இரண்டாகப் பிளந்துவிட்டது, பல் போய்விட்டது, நூல் மட்டும் மிஞ்சியது.

"நூலைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுக் கட்டலாமே?" என்று கேட்டேன்.

"ஏலாது. பயணக் குழு எல்லா முடிச்சையும் சோதிச்சு ஏற்றுக்கொண்டிட்டுது. இனி ஒரு முடிச்சைத் தொட்டாலும் எல்லாத்தையும் முதல்ல இருந்து சோதிக்க வேணும். அதுக்குள்ள எங்களை அக்கரைக்குக் கொண்டுபோற சோளகக் காத்து போயிடும். பலகையை அதே அளவில மாத்தலாம் எண்டு சொல்லிட்டினம். வாயைப் பற்றி விதி ஒண்டும் இல்லை." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கரையில வச்சு ஒருக்கா எனக்குச் சோதனை வைப்பினம். அதில பிழைச்சால் ஜீபிஎஸ்ஸோட வேற ஒராள் போவார். நான் கரையில நிண்டு கை காட்டலாம்."

டொக்டர் நிலந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "நீக்கல் வைக்கலாம். ஆனால் அந்தப் பல்லில் நூலைப் போட்டு இழுக்க விடமாட்டேன். பல் பதித்த தட்டு கிளம்பும். கொக்கி மாட்டிய பக்கத்துப் பல் ஆடத் தொடங்கும். ஒரு பயணத்துக்காக இருக்கிற பல்லையும் இழக்கப் போகிறீர்களா?"

மிஸ் நூலைச் சுருட்டத் தொடங்கினார். டொக்டர் கையைக் காட்டித் தடுத்தார்.

"எவ்வளவு பலமாக இழுப்பீர்கள்? எனக்குக் காட்டுங்கள்."

"பலகை உடைஞ்சு போச்சே, டொக்டர்."

"நான் செஞ்சு கொண்டு வாறேன்," என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. என் கையால் நிறுத்திய பல் ஒருவரின் மடியில் விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் நிற்பது?

குண்டசாலையில் எங்கள் வீட்டு ஜன்னல் நிலைக்கு அறுத்த பலாப்பலகையில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. மிஸ் கொடுத்த அளவுக்கு அதை அறுத்தேன். ரம்பமும் சின்னச் சீவுளியும் பக்கத்து வீட்டில் இரவல். மரவேலை எனக்குப் புதிது, ஆனாலும் தேய்ப்பது புதிதல்ல. அரத்தால் தேய்த்து, பிறகு உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் லேபில் பல் மினுக்குவதைப் போலத் துணியால் மினுக்கினேன். மஞ்சள் பலா பொன் மாதிரிப் பளபளத்தது. நடுவை மூலைக்கு மூலை கோடு போட்டுக் கண்டுபிடித்து, நூல் இறுக்கமாகப் போகும் அளவுக்குத் துளை போட்டேன்.

"ஓய்வு எடுக்க முந்தியே தச்சு வேல தொடங்கியாச்சா?" என்றாள் என் மனைவி பரீதா. பலகையைக் கையில் வாங்கி, "வடிவா ஈக்குது. தஸ்பீஹ் மணி வைக்கிற பெட்டிக்கு மூடியா?" என்று கேட்டாள். விளக்கம் சொன்னேன். "கண்டியில இருந்துக்கிட்டுக் கடலுக்கு வழி பாக்கப் போறீங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் மிஸ் அந்தப் பலகையைக் கண்ணுக்கு முன்னால் நீட்டிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசிப்பது எனக்கு விளங்கியது.

"நானா, இந்த விளிம்பு எங்க முடியுது எண்டு தெரியேல்லையே."

வாங்கிப் பார்த்தேன். சுற்றிவர உருட்டி வைத்திருக்கிறேன்! நாக்கில் குத்தாத பலகை செய்திருக்கிறேன். நட்சத்திரம் வந்து உட்காரக் கூரான விளிம்பு வேண்டும் என்பது என் கைக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்கு மினுக்கு வேறு, வெளிச்சம் பட்டால் கண்ணைக் கூசியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மிஸ் சிரித்துவிட்டார். பல் போன பிறகு அவர் கையால் வாயை மூடாமல் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாவது பலகையை உப்புத்தாளுக்குக் காட்டவே இல்லை. சீவுளியை ஒரே இழுப்பில் இழுத்து விளிம்பைக் கத்தி மாதிரி விட்டேன். கை அரிப்பெடுத்தது, ஓரத்தை ஒரு தடவு தடவிவிடு என்று. கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மினுக்காமல், கூசாமல் இருக்க விளக்குக் கரியைப் பூசினேன். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மிஸ் பார்த்துவிட்டு, "ஓம், இதுதான்," என்றார்.

டொக்டர் நூலைத் தன் விரலில் சுற்றி, மிஸ்ஸைப் பலகையை நீட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு இழுவையைப் பார்த்தார். "இன்னொரு தடவை." மீண்டும் பார்த்தார். "மீன் கடிக்கிற அளவுகூட இல்லை," என்றார். பிறகு காகிதம் எடுத்து வரைந்தார். அக்ரிலிக் தட்டு வேண்டாம், மெல்லிய உலோகத் தட்டு. அது பின்னால் கடைவாய்ப் பற்கள்வரை போய் அவற்றின் தலையில் குந்த வேண்டும். முன்னால் இழுக்கிற இழுவை முழுதும் பின்னால் இருக்கும் பலமான பற்களுக்குப் போய்ச் சேர வேண்டும். பக்கத்துப் பல்லை எந்தக் கொக்கியும் தொடக் கூடாது. நான் நூறு பல் செய்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது.

"ஆனால் பல் எங்கே நிற்க வேண்டும்?" என்றார். "முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு? பழைய பல் இல்லையே."

நீக்கலின் அகலத்துக்குப் பழைய படங்கள் இருந்தன. முன்தள்ளல் எந்தப் படத்திலும் தெரியாது. மிஸ்தான் வழி சொன்னார். திருகோணமலை முடிச்சைக் கட்டியபோது நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அவருக்குத் தெரியும். அதே உயரத்தை ஒரு சுவரில், கீழே கடல்கோடும் மேலே நட்சத்திரமுமாகக் குறித்துக்கொண்டால், அந்த முடிச்சைப் பிடித்து நீட்டும்போது பலகை சுவரில் இரண்டு குறிக்கும் நடுவில் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தும்வரை பல்லை நகர்த்தினால் பழைய இடம் வந்துவிடும்.

கண்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான், கடல்கோடு கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வளவுக்கு எதிரே, மண் சரியாமல் கட்டிய உயரமான கருங்கல் அணை ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ் வந்தார். டொக்டரும் தன் காரில் வந்து இறங்கினார். பெரிய டொக்டர் வீட்டுக்கு வருவார் என்று எதிர்பாராத பரீதா, வட்டிலப்பத்தை எந்தக் கோப்பையில் வைப்பது என்று அலுமாரியைத் தலைகீழாக்கினாள்.

மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைப் பிடித்து, மிஸ்ஸின் கண் உயரத்தில் அணையில் சோக்கால் ஒரு நீளக் கோடு இழுத்தேன். அதுதான் கடல். தூரத்தை நாடாவால் அளந்து மிஸ் கணக்குப் போட்டுச் சொன்ன உயரத்தில், ஏணியில் ஏறி ஒரு சோடா மூடியை ஒட்டினேன். அதுதான் நட்சத்திரம். மிஸ்ஸின் வாயில் தற்காலிகத் தட்டு. அதில் பல் இருக்க வேண்டிய இடத்தில், முடிச்சு மாட்டுவதற்காக நான் வளைத்த சின்னக் கம்பிக் கவை.

முடிச்சை மாட்டி, பலகையை நீட்டி, கோட்டில் வைத்துப் பார்த்தார். "மூடி தெரியேல்லை. பலகைக்குப் பின்னால போயிட்டுது."

டொக்டர் தட்டைக் கழற்றித் தந்தார். நான் கவையைக் குறட்டால் மயிரளவு முன்னால் வளைத்தேன். கவை முன்னால் போனால் பலகையும் கண்ணிலிருந்து தள்ளிப் போகும், சிறிதாகத் தெரியும். திரும்பவும் போட்டுப் பார்த்தார். இன்னும் மறைவு. இன்னும் ஒரு மயிரளவு. இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை கூடிப்போய் மூடி விளிம்புக்கு மேலே ஏறிவிட்டது. பின்னால் வளைத்தேன். அடுத்த வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன நானா, பட்டமா விடுறீங்க?" என்று கேட்டார்கள். பரீதாதான் பதில் சொன்னாள், "இல்ல, கப்பல் விடுறாங்க."

கடைசியில் மிஸ் பலகையை நீட்டியபடியே அசையாமல் நின்றார். வாயில் நூல் இருந்ததால் பேச முடியவில்லை. இடது கையை மட்டும் மெல்ல உயர்த்திக் காட்டினார். டொக்டர் கழற்றி மீண்டும் போடச் சொன்னார், அதே இடம். இன்னொரு தடவை, அதே இடம். "ஹரி," என்றார் டொக்டர். அதற்குப் பிறகுதான் வட்டிலப்பத்தைத் தொட்டார்.

கவை நின்ற இடத்தை அச்சில் பிடித்துக்கொண்டு லேபுக்குப் போனேன். இனி நான் செய்ய வேண்டியது, இரண்டு பல்லை வேண்டுமென்றே முன்தள்ளி, நடுவில் நீக்கல் விட்டு நிறுத்துவது. கேட்க லேசு. என் விரல் கேட்கவில்லை. மெழுகைச் சூடாக்கிப் பல்லை வைப்பேன், கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பேன், பார்த்தால் நீக்கல் ஒடுங்கியிருக்கும். விரல் தன் பாட்டில் சேர்த்து வைத்துவிட்டிருக்கும். வாழ்நாள் முழுதும் கோணலை நேராக்கிய கை, அதற்கு இது பிழை வேலையாகப் பட்டது. கடைசியில் நூலையே நீக்கலில் வைத்து, அதன் இரு பக்கமும் பல்லை நிறுத்தினேன். நீக்கலின் உள்விளிம்பை மட்டும் நூல் அறுபடாதபடி உருட்டினேன். அதாவது எனக்குத் தெரிந்த வேலைக்கு அங்கே கொஞ்சம் இடம் கிடைத்தது.

சோதனை நாளில் நானும் பரீதாவும் மிஸ்ஸோடு திருகோணமலைக்குப் போனோம். என் பையில் குறடு, உடனே இறுகும் அக்ரிலிக், சின்ன அரம். உடைந்தால் போன் பண்ணுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். உடைந்தால் போன் பண்ணி என்ன பிரயோசனம் என்று நான் கேட்கவில்லை. அவரும் பதறிக்கொண்டுதான் இருந்தார்.

பயணக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற கப்பல் கப்டன். குறைவாகப் பேசுகிறவர். திரையை இழுத்து மூடிய வேனில் எங்களை ஏற்றி, கரையோரமாக எங்கேயோ கொண்டுபோய் இறக்கினார். இது எந்த இடம் என்று மிஸ் நூலைக் கொண்டு சொல்ல வேண்டும்.

சூரியன் இறங்கியிருந்தது. இராப்பலகைக்கு நேரம் மிகவும் கொஞ்சம். நட்சத்திரம் தெரிகிற அளவுக்கு இருள வேண்டும், ஆனால் கடல்கோடு மறைகிற அளவுக்கு இருளக் கூடாது. வடக்கே தாழ்வாக ஒரு முகில் படுத்திருந்தது. மற்றப் பக்கமெல்லாம் நட்சத்திரம் முளைக்கத் தொடங்கியும் வடக்கில் ஒன்றுமில்லை. கடல்கோடு மங்கிக்கொண்டே போனது. மிஸ் முடிச்சை வாயில் மாட்டிக்கொண்டு, பலகையைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றார். பரீதா என் பக்கத்தில் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள். பல் நிற்குமா என்ற பயமே அப்போது போய்விட்டது. இந்தப் பிள்ளையை ஒரு முகில் கரையில் விட்டுவிடப் போகிறதே என்றுதான் பயம்.

"மூன்று தடவை பார்க்க வேண்டும் என்பது விதி," என்றார் கப்டன். "இன்று முடியாவிட்டால் நாளை இல்லை. அட்டவணை அப்படி."

முகிலின் அடி கொஞ்சம் கிழிந்தது. மங்கலாக ஒரு புள்ளி. மிஸ் பலகையை உயர்த்தினார். ஒரு முடிச்சைக் கழற்றி அடுத்ததை மாட்டினார், விரல் தடுமாறவில்லை. நீட்டினார். கழற்றினார், மீண்டும் மாட்டினார். மூன்றாம் தடவை நீட்டிக்கொண்டிருக்கும்போதே கடலும் வானமும் ஒரே சாம்பலாகிவிட்டன.

நூலை வாயிலிருந்து எடுத்துக்கொண்டு மிஸ் சொன்னார்: "திருகோணமலை இல்லை. தெற்க வந்திட்டம். கல்குடா முடிச்சுக்கு மேல ஒரு நெல்லளவு வெளிச்சம் தெரிஞ்சுது. அப்ப கல்குடாவுக்குக் கொஞ்சம் வடக்க. அதுக்கும் வடக்க இருக்கிற வாகரைக்குக் கிட்ட வராது, அதுக்கு இங்கால."

கப்டன் தன் போனில் ஜீபிஎஸ்ஸைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரையை மிஸ்ஸின் பக்கம் திருப்பிக் காட்டினார். மிஸ் எட்டிப் பார்த்துவிட்டு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த கிழமை சாமான் ஏத்துறோம்," என்றார் கப்டன். "உங்கட பெட்டி சின்னதா இருக்கட்டும். இடம் இல்லை."

திரும்பி வரும்போது நான் வேனில் சொன்னது ஒன்றுதான்: "மிஸ், கடல்ல இருந்தாலும் படுக்கப் போகேக்க கழட்டித் தண்ணியில போட்டுடணும்." பரீதா என் தொடையில் கிள்ளினாள். இந்த நேரத்தில் சொல்கிற பேச்சா என்று அர்த்தம். ஆனால் அதுதானே என் வேலை.

கப்பல் போனது. நான் ஓய்வு பெற்றேன். காற்று மாறி அவர்கள் திரும்பி வந்த பிறகு ஒரு நாள் மிஸ் குண்டசாலைக்கு வந்தார். கறுத்து, மெலிந்து, முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். டொக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வந்தாராம், ஒரு பல்லும் ஆடவில்லையாம். பரீதா தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். மிஸ் பையிலிருந்து நூலை எடுத்து என் கையில் வைத்தார். உப்பும் வெயிலும் பட்டு நூல் முழுதும் ஒரே கறுப்பு.

"அக்கரையில இறங்கின அண்டைக்கு, அந்தத் துறைமுகத்துக்கும் ஒரு முடிச்சுக் கட்டினன்," என்றார். "மற்றதெல்லாம் என்ர சொந்தப் பல்லில கட்டினது. அது ஒண்டுதான் நீங்கள் செய்த பல்லில கட்டினது. எது எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலடிக்குப் போனேன். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவினேன். திரும்ப இந்த முனைவரை தடவி வந்தேன். பொய்யைச் செய்து பிழைத்தவன் நான். பொய் எங்கே தொடங்குகிறது என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.